நீர்மட்டத்துக்குக் கீழே

காரைநகரில், எங்கள் படலையில்,
சுகாதாரப் பரிசோதகர் ஒட்டிவிட்டுப் போன தாள்
ஒரு மூலை கிளம்பிக் காற்றுக்கு அடிக்கிறது.
பதினான்கு நாள். இன்று ஒன்பது.
முகாமில் கிடந்த இருபத்தொன்று
இதில் சேர்த்தியில்லை.

வெளியே, மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமல்
ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறார் சதாநிதி அண்ணர்.
முகக்கவசம் நாடியில் தொங்குகிறது.
"சுகமோ தம்பி?"
அவர் விசாரிப்பது தன் காசின் சுகம்.
அதன் சார்பில் "சுகம்" என்கிறேன்.
தாளைப் பார்க்கிறார். உள்ளே வர ஏலாது.
வாழ்க்கையில் முதன்முறையாய்
ஒரு கிருமிக்கு நன்றி சொன்னேன்.

கைபேசியில், மணிலாக்காரன் றொமெல் அனுப்பிய காணொளி.
துருக்கியில் ஏதோ ஒரு கரை.
ஓஷன் செரினா வருகிறது,
முழு வேகத்தில், மண்ணை நோக்கி.
ஆறு வருடம் அதில் இருந்தேன்.
கரை கண்டால் அது வேகம் குறைப்பதைத்தான் அறிவேன்.
றொமெல் ஒலியை நிறுத்தி அனுப்பியிருக்கிறான்.
மூக்கு மண்ணில் ஏற,
மாடு படுக்கும்போது முன்னங்காலை மடிக்குமே,
அப்படி ஒரு குனிவு.
பிறகு அசைவில்லை.

என்னைவிட ஒரு வயது மூத்தது.
முப்பதுக்குக் கிழம் என்று எழுதிவிட்டார்கள்.
தொற்று வராவிட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடியிருக்கும்.
எங்கள் ஊரில் முப்பதில்தான்
பொடியனுக்குப் பொம்பிளை பார்க்கத் தொடங்குவார்கள்.

பக்கத்தில் வேறு நான்கு கப்பல்கள்.
ஒன்றுக்கு முகமே இல்லை.
எங்களுடையதன் உச்சியில்
சிறுவர் தடாகத்துச் சறுக்கீஸ் மட்டும் இன்னும் நீலமாக.

எட்டாம் தட்டில் எண்ணி எண்ணிக்
கண்டுபிடித்தேன்: 8114.
அந்த அறைக்குக் கட்டில் விரித்தவன் நான்.
துவாயில் ஒரு நாள் அன்னம், ஒரு நாள் குரங்கு,
யானை என்றால் இரண்டு துவாய் வேண்டும்.
யானையைக் குலைக்க மனமில்லாமல்
ஈரத்தோடு நின்றாளாம் ஒரு ஜெர்மன்காரி.
மணி அடித்து வேறு துவாய் கேட்டாள்.

பிறகு ஒரு துறைமுகமும் எங்களை எடுக்கவில்லை.
ஒருவழியாய்ப் பயணிகளை இறக்கினார்கள்.
எங்களை இறக்கவில்லை.
அறைக்கு ஒருவராய் இருங்கள் என்று
சாவியை நீட்டினார்கள்: 8114.
ஐம்பத்திரண்டு நாள்
பல்கனியில் இருந்து கடலைப் பார்த்தபடி சோறு தின்றேன்.
ஒரு பின்னேரம் எனக்கு நானே யானை செய்தேன்.
குளித்துவிட்டு வந்து அதையே குலைத்துத் தலை துவட்டினேன்.
மணி அடித்தால் வர ஆள் இல்லை.
வரவேண்டிய ஆள் நான்தான்.

வெட்டுகிறவர்கள் மேலிருந்து தொடங்குவார்களாம்.
பல்கனி முதலில் போகும்.
என்னுடைய சொந்த அறை
நீர்மட்டத்துக்குக் கீழே, சாளரம் இல்லாதது,
நான்கு பேர் மூச்சு விட்டது,
அது கடைசியில்தான் வரும்.
மேல்கட்டிலுக்குப் பக்கத்து இரும்புச் சுவரில்
கறுப்பு மார்க்கரால் ஒரு கணக்கு இருக்கிறது.
ஏஜென்சிக்கு ஆறரை லட்சம்.
நூற்றுக்கு மூன்று வட்டி.
நடுவில் தங்கச்சியின் கலியாணத்துக்கு இன்னும் மூன்று.
மாதா மாதம் வெட்டி வெட்டி எழுதியது.
கடைசி வரி:
நான்கு லட்சத்துப் பதினேழாயிரம்.
அதை வெட்டவில்லை.
கறுப்புக் கண்ணாடி போட்ட யாரோ ஒருவன்
அதன்மேல் தீயை வைப்பான்.
வாசிக்க நிற்கமாட்டான்.

உருக்கிக் கம்பி ஆக்குவார்களாம்,
றொமெல் எழுதுகிறான்,
பிறகு ஒரு சிரிக்கும் முகம், பிறகு ஒன்றுமில்லை.

சதாநிதி அண்ணர் இன்னும் போகவில்லை.
மேல்மாடி எடுக்கிறாராம்.
தூண் எழும்பி நிற்கிறதாம்,
தலையில் வெறுங்கம்பி நீட்டிக்கொண்டு, மூன்று மாதமாய்.
"கம்பி விலை தெரியுமே தம்பி?
கப்பல் வந்தால்தான் இறங்குமாம்."

படலைக்கு மேலால் கையை விட்டு
அந்தத் தாளின் மூலையை அழுத்தி ஒட்டினேன்.
"வரும் அண்ணை," என்றேன்.